படிப்பு, பந்து, பந்தி

கல்லூரி ஆண்டு விழாவுக்கு வரும் சிறப்பு விருந்தினர்கள் எல்லோரும் ஒரே கடையில்தான் உவமை வாங்குகிறார்கள். "மாணவர்கள் களிமண், ஆசிரியர்கள் குயவர்கள்." மற்ற ஊர்களில் இந்த இடத்தில் கைதட்டுவார்கள். விருத்தாசலத்தில் தட்ட மாட்டார்கள், யோசிப்பார்கள். கூட்டத்தில் பாதிப் பேருக்குக் களிமண்ணைப் பற்றி விருந்தினரைவிட அதிகம் தெரியும். எந்தக் களிமண்? நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கிற வெள்ளை மண்ணா, செங்கல் சூளைக்குப் போகிற ஏரி மண்ணா? கழுவிச் சலித்ததா, வந்தபடியேவா? ஒரு விழாவில் என் பின்வரிசையில் இருந்த செராமிக் டிப்ளமோ பையன் பக்கத்திலிருந்தவனிடம் சொன்னான்: "இவரு சொல்றபடி பாத்தா, உள்ள போனப்ப இருந்ததவிட வெளிய வர்றப்ப நாம பத்து பர்சென்ட் சின்னதாயிருப்போம்டா."

களிமண் காய்ந்தாலும் சுருங்கும், சுட்டாலும் சுருங்கும். பையன் சொன்னது பாடப்புத்தகக் கணக்கு. மேடையில் இருந்தவர் காதில் விழுந்திருந்தால் அடுத்த விழாவுக்கு வேறு உவமை தேடியிருப்பார்.

விருத்தாசலத்தை ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்தவர்கள்தான் அதிகம். சென்னை – திருச்சி பாதையும் சேலம் – கடலூர் பாதையும் சந்திக்கிற ஜங்ஷன். நாலு திசைக்கும் ரயில் உண்டு என்று பெருமையாகச் சொல்வோம். எங்கள் பிள்ளைகள் நாலு திசைக்கும் போய்விட்டார்கள் என்பதையும் அதே வாயால்தான் சொல்ல வேண்டும். 2006 தேர்தலில் விஜயகாந்தைச் சட்டமன்றத்துக்கு அனுப்பி வைத்த ஊர். வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இங்கே இருப்பதால், முந்திரியிலும் மல்லாட்டையிலும் 'வி.ஆர்.ஐ.' என்று ஊரின் பெயரைச் சுமக்கும் ரகங்கள் உண்டு. இவை எல்லாவற்றையும்விட, உங்கள் வீட்டுக்குள் நாங்கள் ஏற்கெனவே வந்துவிட்டோம் என்பதுதான் முக்கியம். கொலுப்படியில் இருக்கும் பீங்கான் கிருஷ்ணன், கார்த்திகைக்கு ஏற்றிய வெள்ளை அகல், பாட்டியின் ஊறுகாய் ஜாடி, மின்சாரம் போனால் நீங்கள் பயந்துகொண்டே பிடுங்குகிற பியூஸ் கட்டை, இவற்றில் ஏதாவது ஒன்று எங்கள் ஊர்ச் சூளையில் வெந்திருக்க வாய்ப்பு அதிகம்.

இப்படிப்பட்ட ஊரில் பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கும்போது ஒரு பளபளப்பான கையேடு கொடுப்பார்கள். கல்வி, விளையாட்டு, சமூக வாழ்க்கை ஆகிய மூன்றும் சேர்ந்து மாணவனை வேலைக்குத் தயார்செய்யும் என்று அதில் இருக்கும். அட்டைப்படத்தில் ஒரு பெண் மடிக்கணினியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார். அந்தக் கல்லூரியில் அந்தப் பெண்ணையும் நாங்கள் பார்த்ததில்லை, அந்த மடிக்கணினியையும் பார்த்ததில்லை. ஆனால் கையேடு சொன்ன மூன்றும் உண்மை என்று இத்தனை வருடம் கழித்துச் சாட்சி சொல்ல நான் தயார். என்ன, அவர்கள் சொன்ன வழியில் நடக்கவில்லை. எங்கள் பாஷையில் அந்த மூன்றும் படிப்பு, பந்து, பந்தி.

முதலில் படிப்பு. எங்கள் ஊர் பழமலைநாதர் கோயிலில் எல்லாமே ஐந்து. ஐந்து கோபுரம், ஐந்து பிராகாரம், ஐந்து கொடிமரம், ஐந்து நந்தி, ஐந்து தேர். பல்கலைக்கழகமும் இதைப் பார்த்துத்தான் ஒவ்வொரு பாடத்துக்கும் ஐந்து யூனிட் வைத்தது என்று நாங்கள் நம்பினோம். கோயிலில் ஐந்து பிராகாரமும் சுற்றினால் புண்ணியம். பாடத்தில் மூன்று யூனிட் சுற்றினாலே பாஸ் என்று சீனியர்கள் உபதேசம் செய்தார்கள். நாலாவது யூனிட்டை எழுதிய பேராசிரியருக்கே அது நினைவிருக்காது என்பது அவர்கள் கட்சி.

நான் படித்தது வேதியியல். பக்கத்து ஊரில் ஒரு கல்லூரி, பெயர் வேண்டாம், அவர்களாவது நிம்மதியாக இருக்கட்டும். வருகைப் பதிவில் "கொளஞ்சி" என்று கூப்பிட்டால் பெஞ்சுக்கு ஒருவன் எழுந்து நிற்பான். மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர்தான் எங்கள் வட்டாரத்தின் முருகன் என்பதால் வீட்டுக்கு ஒரு கொளஞ்சியாவது உண்டு. ஆசிரியர்கள் கே.கொளஞ்சி, எம்.கொளஞ்சி என்று பிரித்தார்கள். அதுவும் போதாமல் ஆலடிக் கொளஞ்சி, பெண்ணாடம் கொளஞ்சி, மங்கலம்பேட்டைக் கொளஞ்சி என்று ஊர்வாரியாக ஆனார்கள். மார்ச் பிறந்தால் இவர்களில் பாதிப் பேரைக் காணோம். முந்திரி விழுகிற காலம். செமஸ்டர் தேர்வும் முந்திரிக்கொட்டையும் ஒரே சமயத்தில் முற்றும்படி கடவுள் ஏன் வைத்தார் என்று தெரியவில்லை. தோப்புக்குப் போனவன் திரும்பி வரும்போது கையெல்லாம் முந்திரிப் பால் பட்டுத் தோல் உரிந்திருக்கும். அந்தக் கையோடு மூன்று மணி நேரம் தேர்வு எழுதியவனைக் கூப்பிட்டு, "உங்களால் அழுத்தமான சூழ்நிலையில் வேலை செய்ய முடியுமா?" என்று பின்னாளில் ஒரு மனிதவள அதிகாரி கேட்டாராம். பதிலுக்கு அவன் சிரித்தானாம். பண்பாடு தெரிந்தவன்.

சோதனைக்கூடத்தில் கனிம உப்புப் பகுப்பாய்வு என்று ஒன்று உண்டு. ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடியைக் கொடுத்து, அது என்னவென்று கண்டுபிடிக்கச் சொல்வார்கள். எல்லாப் பொடியும் வெள்ளையாகத்தான் இருக்கும். முறைப்படி அமிலம் ஊற்றி, ஆவி பிடித்து, வீழ்படிவு பார்த்து முடிவுக்கு வர வேண்டும். எங்கள் முறை வேறு. உதவியாளர் அண்ணன் முகத்தைப் பார்ப்போம். நாம் 'பேரியம்' என்று எழுதப் போகும்போது அவர் புருவம் கொஞ்சம் மேலே போனால் அது பேரியம் இல்லை. அவர் தொண்டையைச் செருமினால் நெருங்கிவிட்டோம் என்று அர்த்தம். மூன்று வருடத்தில் எங்களுக்கு வேதியியல் எவ்வளவு வந்தது என்று தெரியாது. ஒரு மனிதன் வாயைத் திறக்காமல் சொல்வதைப் படிக்க வந்தது. நான் வேலை பார்த்த எல்லா அலுவலகங்களிலும் மேலாளரின் புருவத்தைப் பார்த்துத்தான் விடுப்பு கேட்டிருக்கிறேன். ஒருமுறைகூடத் தவறியதில்லை.

எங்கள் மாவட்டக் கல்லூரிகளுக்கு இன்னொரு விசேஷம் உண்டு. கட்டடம் அசையாது, பல்கலைக்கழகம் அசையும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தவை, 2002இல் உருவான வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழ் போயின. 2021இல் விழுப்புரத்தில் ஜெயலலிதா பல்கலைக்கழகம் என்று ஒன்று வந்தது. அது எழுந்து நிற்பதற்குள் அதே ஆண்டு ஆட்சி மாறி, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு சேர்த்தார்கள். அக்கா சான்றிதழில் ஒரு பெயர், அண்ணன் சான்றிதழில் ஒரு பெயர், தம்பி சான்றிதழில் ஒரு பெயர். மூன்று பேரும் உட்கார்ந்தது ஒரே பெஞ்சு. ஒரே வீட்டுப் பிள்ளைகள் மூன்று பல்கலைக்கழகத்தில் படித்ததைப் பார்த்துப் பெண் பார்க்க வந்தவர்கள் அசந்துபோனது தனிக்கதை.

2022 மார்ச் 1ஆம் தேதி தமிழக அரசு 'நான் முதல்வன்' திட்டத்தைத் தொடங்கிய பிறகு நிலைமை மாறியிருக்கிறது. இப்போது பிள்ளைகளுக்கு ஆங்கிலம் பேசவும், தன்விவரக் குறிப்பு எழுதவும், நேர்முகத்தில் உட்காரவும் கல்லூரியிலேயே சொல்லித் தருகிறார்கள். நல்ல காரியம். ஆனால் விண்ணப்பத்தைத் திருத்தி எழுதுவது எப்படி என்று எங்கள் ஊருக்கு எப்போதோ சொல்லித் தந்தாயிற்று. குரு நமசிவாயர் என்ற அடியார் பசியோடு பழமலைநாதர் கோயிலுக்கு வந்து, அம்பாளைக் கிழத்தி என்று விளித்துச் சோறு கேட்டுப் பாடினாராம். அம்பாள் கிழவியாகவே வந்து, "கிழவிக்கு எப்படியப்பா சோறு எடுத்து வர முடியும்?" என்றாளாம். உடனே இளமையானவளே என்று மாற்றிப் பாடினார், சோறு வந்தது. இளையநாயகி சந்நிதிக்கு இப்படி ஒரு கதை. யாருக்கு எழுதுகிறோம், அவருக்கு எப்படிக் கூப்பிட்டால் பிடிக்கும் என்று தெரிந்துகொள்வதற்கு மேல் எந்தப் பயிலரங்கிலும் புதிதாக ஒன்றும் சொல்லித்தரப் போவதில்லை.

அப்படியும் வேலை வரவில்லை என்றால் மணவாளநல்லூருக்குப் போக வேண்டும். கொளஞ்சியப்பர் கோயிலில் 'பிராது கட்டுதல்' உண்டு. குறையை வெள்ளைத்தாளில் மனுவாகவே எழுதி, சுவாமி பாதத்தில் வைத்து, கட்டிவிட்டு வர வேண்டும். அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் உண்டு. மனுதாரரின் ஊர் எவ்வளவு தூரம் என்று பார்த்து, கிலோமீட்டர் கணக்கில் கட்டணம் வாங்குவார்கள். குறை தீர்ந்ததும் வந்து 'ராஜினாமா' செய்ய வேண்டும். கடவுளிடம்கூட வாயால் சொன்னால் போதாது, எழுத்தில் கொடு என்று பழக்கிய ஊர் இது. விருத்தாசலம் அரசு கலைக் கல்லூரிக்கே திரு கொளஞ்சியப்பர் பெயர்தான் என்பது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. என் மாமா ஒருவர், மகன் வேலைக்குப் பிராது கட்டிவிட்டு வந்து சொன்னார்: "டி.என்.பி.எஸ்.சி.யில ஹால் டிக்கெட் வரவே அஞ்சு மாசம். இவரு அதுக்குள்ள தீர்ப்பே சொல்லிடுவாருடா."

பீங்கான் படிப்பைப் பற்றிச் சொல்லாமல் இருந்தால் ஊர் என்னைச் சும்மா விடாது. அரசுப் பீங்கான் தொழில்நுட்பப் பயிலகம், ஊர்வாயில் செராமிக் காலேஜ். நாட்டில் பீங்கானுக்கென்றே இருக்கும் பயிலகங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் படித்த நண்பனோடு ஒருநாள் தொழிற்பேட்டைக் கூடம் ஒன்றுக்குப் போனேன். வாசலிலிருந்தே தரையெல்லாம் வெள்ளை. உள்ளே வரிசையாகப் பிளாஸ்டர் அச்சுகள், இரண்டு பாதிகளாகச் சேர்த்து ரப்பர் பட்டை போட்டுக் கட்டியவை. பால்போலக் கரைத்த மண்ணை அதில் ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ள, சுவரோரமாக மண் ஒரு தோலாகப் படிகிறது. தோல் வேண்டிய கனத்துக்கு வந்ததும் மிச்சக் கரைசலைக் கவிழ்த்து ஊற்றிவிடுகிறார்கள். அதனால்தான் கொலு பொம்மையின் உள்ளே ஒன்றும் இருப்பதில்லை.

அச்சைப் பிரித்தால் கிருஷ்ணர். உச்சந்தலையில் ஆரம்பித்துக் காது, தோள், இடுப்பு என்று இருபக்கமும் ஒரு கோடு ஓடுகிறது. இரண்டு பாதி சேர்ந்த இடம். ஓர் அக்கா மடியில் பலகையை வைத்துக்கொண்டு, சின்னக் கத்தியால் அந்தக் கோட்டைச் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தார். நண்பன் தானும் ஒரு பொம்மையை எடுத்து நேரே முகத்துக்குப் போனான்.

"தம்பி, மூக்குல கைய வெக்காத. நல்லா இருக்கறத எதுக்குத் தொடற? கோடு இருக்கற எடத்த மட்டும் எடு."

அவன் எடுத்தான். காதும் கூடவே வந்துவிட்டது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. காது போன கிருஷ்ணரை வாங்கிப் பழைய மண் தொட்டியில் போட்டார். சூளைக்குப் போகாத மண்ணை எத்தனை தடவை வேண்டுமானாலும் கரைத்துக்கொள்ளலாம், கூடம் முழுவதும் இந்த ஒரு தைரியத்தில்தான் ஓடுகிறது. 1,200 டிகிரியைத் தொட்டு வந்த பிறகு அந்தச் சலுகை கிடையாது. வெந்து வந்த பொம்மையை அக்கா விரலால் சுண்டிப் பார்ப்பார். கணீர் என்றால் முதல் தரம், பொத்தென்று கேட்டால் உள்ளே எங்கோ விரிசல், அது 'செகண்ட்ஸ்'. பயிலகத்தில் இதற்குக் கருவி இருக்கிறது, சோதனை முறை இருக்கிறது, அதற்கொரு பெயரும் இருக்கிறது. நண்பன் அந்தப் பெயரைச் சொன்னான். அக்கா சரி சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த பொம்மையைச் சுண்டினார். நண்பன் இப்போது குஜராத்தில் ஒரு பெரிய தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கே தலைவன். லட்சக்கணக்கில் கருவிகள் வைத்திருக்கிறான். யாரும் பார்க்காதபோது இன்னும் சுண்டித்தான் பார்க்கிறானாம்.

அடுத்தது பந்து. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கால்பந்து அரங்கத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். எங்கள் கல்லூரி மைதானத்தில் பார்வையாளர்கள் ஆடுகள். உட்காரவும் மாட்டா, வெளியே போகவும் மாட்டா. ஈட்டி எறியும் நாளில் மட்டும் பி.டி. சார் அவற்றை விரட்டுவார், ஆடுகளுக்குச் சொந்தக்காரர் கல்லூரி வாட்ச்மேன் என்பதால். கபடிக்கு மட்டும் மரியாதை உண்டு. களம் கீறியிருக்கும், சாயங்காலம் ஊரே வந்து நிற்கும்.

கபடி ஆடியவர்களுக்கு என்ன கிடைத்தது? அணியாக நிற்பது, தோல்வியைத் தாங்குவது, தலைமைப் பண்பு என்றெல்லாம் கையேடு சொல்லும். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "இத வெச்சு ரயில்வேல போட்டுக் குடுப்பானா?" கேட்டதில் தப்பில்லை. மாநில அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. ரயில்வே, வருமான வரித் துறை, அஞ்சல் துறை எல்லாவற்றிலும் தனியாக எடுக்கிறார்கள். வெறும் பேச்சு இல்லை என்பதற்குக் கடலூரிலேயே ஆள் இருக்கிறார். கால்பந்து வீராங்கனை இந்துமதி கதிரேசன், இந்திய அணிக்காக நடுக்களத்தில் ஆடியவர், தமிழகக் காவல்துறையில் உதவி ஆய்வாளர் ஆனவர். 2020 ஊரடங்கின்போது சென்னைத் தெருக்களில் முகக்கவசத்தோடு பணியில் நின்றார். பந்தை விடாமல் துரத்தினால் சீருடை கிடைக்கும் என்று எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது.

ஆனால் இந்த வழியில் ஒரு பள்ளம் இருக்கிறது, அதில் விழுந்தவர்கள் எங்கள் ஊரில் நிறைய. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் வாங்கிய கோப்பை வீட்டு அலமாரியில் அழகாக இருக்கும். மத்திய அரசின் விளையாட்டு ஒதுக்கீட்டில் அது செல்லாது. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் பல்கலைக்கழக அணிக்காக ஆடியிருக்க வேண்டும். அதற்குப் 'படிவம் 3' என்று ஒரு தாள். பல்கலைக்கழக விளையாட்டுத் துறை இயக்குநர் நிலையில் இருப்பவர் கையெழுத்துப் போட வேண்டும். பெண்ணாடம் கொளஞ்சி, எதிரணியில் ஏழு பேரையும் தாண்டி வந்து கோட்டைத் தொடுகிறவன், அவனால் இந்த ஒரு தாளைத் தொட முடியவில்லை. அவன் ஆடியபோது ஒரு பல்கலைக்கழகம், கையெழுத்து கேட்டபோது வேறு பல்கலைக்கழகம். "அங்க போய்க் கேளுங்க தம்பி" என்று இரண்டு ஊரிலும் ஒரே குரலில் சொன்னார்கள். அவன் இப்போது ஸ்ரீபெரும்புதூரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் இருக்கிறான். தீபாவளிக்கு வந்தால் இன்னும் ஊரே திரண்டு அவன் ஆட்டத்தைப் பார்க்கிறது.

இனி பந்தி. எனக்குச் சோறு போட்டது இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல உரிமை உண்டு. நாட்டு நலப்பணித் திட்டம் காந்தி நூற்றாண்டான 1969இல், செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் நாற்பதாயிரம் மாணவர்களோடு தொடங்கியது. 'நான் அல்ல, நீ' என்பது அதன் குறிக்கோள். இதைவிட மாணவர்கள் மனதில் ஆழமாகப் பதிந்த குறிக்கோள் உலகத்தில் வேறு கிடையாது. முகாமில் கழிப்பறை கழுவ யார் வருகிறீர்கள் என்று திட்ட அலுவலர் கேட்டால் ஐம்பது பேரும் பக்கத்திலிருந்தவனைப் பார்த்துக் குறிக்கோளைச் சொல்வோம்.

ஏழு நாள் சிறப்பு முகாம். கருவேப்பிலங்குறிச்சிப் பக்கம் ஒரு கிராமம், தங்குவது பள்ளிக்கூடத்தில். பகலில் வாய்க்கால் கரையில் சீமைக்கருவேலம் வெட்ட வேண்டும். அந்த மரத்துக்கு எங்களைப் பார்த்துப் பயமே இல்லை, வெட்ட வெட்டச் சிரித்தது. முட்கள் மட்டும் எங்களோடு ஊருக்கு வந்தன. மாலையில் கண் சிகிச்சை முகாம், விழிப்புணர்வு நாடகம். எல்லாம் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்தபோது கடைசி நாள் ஊருக்கே சமபந்தி என்று அறிவித்துவிட்டார் எங்கள் அலுவலர். மனம் பெரியவர்.

காலையில் சமையல்காரர் வரவில்லை. மச்சினனுக்குப் பெண் பார்க்கப் போய்விட்டார். அலுவலர் எங்களைப் பார்த்தார். நாங்கள் குறிக்கோளைச் சொல்ல வாய் திறக்கும் முன் அவர் கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டார். ஆலடிக் கொளஞ்சியின் அப்பா கல்யாண மாஸ்டர் என்ற துப்பு கிடைத்து, அவனைத் தலைமைச் சமையல்காரன் ஆக்கினோம். அப்பாவிடமிருந்து அவனுக்கு வந்திருந்தது அதட்டல் மட்டும்தான். "பருப்பு வெந்துச்சாடா?" என்று கேட்பான், அதற்குமேல் அவனுக்கும் தெரியாது. மேற்குத் தெருவிலிருந்து ஓர் ஆயா வந்து அண்டாவைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்து வழிகாட்டினார். பன்னிரண்டு மணிக்குச் சாம்பார் என்று சொல்லக்கூடிய ஒன்று தயாரானது.

அப்போதுதான் உண்மையான சிக்கல் வந்தது. அந்த ஊரில் கிழக்குத் தெருவும் மேற்குத் தெருவும் பேசிக்கொள்வதில்லை. கிழக்குத் தெருப் பெரியவர் என்னை ஓரமாக அழைத்து, "தம்பி, மொதப் பந்தி எங்களுக்கு, ஞாபகம் வெச்சுக்க" என்றார். பத்து நிமிடத்தில் மேற்குத் தெருப் பெரியவர் வந்து அதையே சொன்னார், தம்பிக்குப் பதில் "கண்ணு" போட்டு. சமபந்தி என்ற பெயரில் ஒரு வெட்டுக்குத்துக்கு நாங்களே இலை போட்டிருந்தோம். பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளி, பள்ளிக்கூடத்தின் நீள வராந்தாவில் நேருக்கு நேராக இரண்டு வரிசை இலை விரித்தோம். தெருவைப் பார்க்காமல் வந்த வரிசையில் கையைப் பிடித்து உட்கார வைத்தோம். இருபுறமும் ஒரே நொடியில் சோறு விழும்படி ஆளுக்கொரு வாளி. கிழக்கே கேட்டவரிடமும் இதுதான் முதல் பந்தி என்றோம், மேற்கே கேட்டவரிடமும் இதுதான் முதல் பந்தி என்றோம். இரண்டும் உண்மை. யார் பக்கத்தில் யார் என்று அவர்கள் நிமிர்ந்து பார்க்கும்போது ரசம் வந்துவிட்டது. ரசம் என்பது, கூட்டம் எதிர்பார்த்ததைவிட அதிகம் என்று தெரிந்ததும் சாம்பாரின் கடைசி அண்டாவில் வெந்நீரும் புளியும் ஊற்றியது. ஆயா மட்டும் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

சில மாதம் கழித்துச் சென்னையில் ஒரு டைல்ஸ் நிறுவனத்தில் நேர்முகம். கோட்டு போட்ட மூன்று பேர். சுந்தரர் கதை நினைவுக்கு வந்தது. முதுகுன்றத்தில், அதாவது எங்கள் ஊரில், சிவன் கொடுத்த பன்னீராயிரம் பொன்னை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தாராம். எடுத்த பொன் அசல்தானா என்று உரசிப் பார்க்க அங்கே ஒரு பிள்ளையார், மாற்றுரைத்த பிள்ளையார். மாற்றுக் குறைகிறது என்று அவர் சொல்லிவிட, சுந்தரர் மறுபடி பாடித்தான் சரிசெய்தார். எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் படிப்பும் இந்தப் பொன் போலத்தான்: போடுவது இங்கே, எடுப்பது வேறெங்கோ, இடையில் உரசிப் பார்க்க ஒரு பிள்ளையார். எனக்கு மூன்று பிள்ளையார் உட்கார்ந்திருந்தார்கள்.

வேதியியலில் ஒரு கேள்வி கேட்டார்கள். நாலாவது யூனிட். அடுத்தவர், கருத்து மோதல் உள்ள இருவரைச் சமாளித்த அனுபவம் உண்டா என்றார். பந்தியைச் சொன்னேன். வெந்நீரை விட்டுவிட்டுச் சொல்லத்தான் நினைத்தேன், நடுவில் இருந்தவர் புருவம் மேலே போனதைப் பார்த்து அதையும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். "எங்களுக்கு ஒரே பஜார்ல ரெண்டு டீலர் இருக்காங்க. ரெண்டு பேரும் நான்தான் மெயின் டீலர்ங்கறாங்க. திங்கக்கிழமை வந்துடுங்க." இன்றுவரை அந்தப் பஜாரில் இரண்டு முதல் பந்தி நடந்துகொண்டிருக்கிறது.

நான் விற்கிற டைல்ஸ் மோர்பியில் ஆகிறது. இந்தியாவின் பீங்கான் ஓடுகளில் பெரும்பகுதி குஜராத்தின் அந்த ஓர் ஊரில்தான் சுடப்படுகிறது. அதில் ஒரு லோடு விருத்தாசலத்துக்கும் போகிறது. செராமிக் ஊர்க்காரன் செராமிக் ஊருக்கே வெளியூர் செராமிக் விற்கிறான் என்று அம்மா சொந்தக்காரர்களிடம் பெருமையாகச் சொல்கிறார். அதில் பெருமை எந்த இடத்தில் இருக்கிறது என்று நான் கேட்டதில்லை. களிமண் பக்கத்தில் இருக்கிறது, படிக்க இடம் இருக்கிறது, சுண்டிப் பார்க்கத் தெரிந்த அக்காமார்கள் இருக்கிறார்கள், ரயில் இருக்கிறது. படித்தவன் இருந்து பார்க்கும்படியான தொழிற்சாலைகள்தான் போதவில்லை. இது கல்லூரிகள் செய்ய வேண்டிய வேலை இல்லை, அரசும் முதலாளிகளும் செய்ய வேண்டியது. விழா மேடையில் களிமண்ணைப் பற்றிப் பேச வருகிறவர்கள் இதைப் பேசினால் விருத்தாசலத்தில் நிச்சயம் கைதட்டுவோம்.

அதுவரை, இப்போது படித்துக்கொண்டிருக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சுந்தரர் பொன்னை ஆற்றில் போடும் முன் அதிலிருந்து ஒரு துண்டு, மச்சம், வெட்டிக் கையில் வைத்துக்கொண்டார். அது இருந்ததால்தான் திருவாரூரில் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. நீங்களும் கல்லூரியை விட்டு வெளியே வரும் முன் மச்சம் வெட்டிக்கொள்ளுங்கள். பல்கலைக்கழக அணியில் ஆடியிருந்தால் படிவம் 3இல் கையெழுத்தை அந்த வருடமே வாங்குங்கள், பல்கலைக்கழகம் இடம் மாறும் முன். ஏழு நாள் முகாமுக்குப் போயிருந்தால் அந்தச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள், அலுவலர் ஓய்வுபெறும் முன். எதையும் லேமினேட் செய்துவிடாதீர்கள். வெளிநாட்டு வேலைக்குச் சான்றொப்பம் வாங்கப் போகும்போது, முத்திரை குத்த முடியாது, உரித்துக் கொண்டு வா என்பார்கள். உரித்தால் எழுத்தும் கூடவே வரும்.